தொப்பூர் இறக்கத்துக்கு விழாத ஓட்டு

பாப்பாரப்பட்டி ஜாஸ்மின் தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். வீடியோ கேம்களின் வரலாறு பற்றி அவள் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, பெங்களூர்ச் சங்கம் ஒன்று அவளை நடுவராக அழைத்தது. பின்னால் வந்தவற்றுக்கு வழிகாட்டிய பழைய விளையாட்டுகளில் ஆண்டுக்கு ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அழியாமல் பாதுகாப்பது அந்தச் சங்கத்தின் வேலை. நடுவர்கள் ஏழு பேர்.

போன வருடம் பரிசீலனைக்கு வந்த பட்டியலில் 'தொப்பூர் இறக்கம்' இருந்தது. பட்டன் போன் காலத்தில் மாரண்டஹள்ளி பிரபாகர் செய்தது. சரக்கு லாரியை கியர் குறைத்து, பிரேக் சூடேறாமல் மலைப்பாதையில் இறக்க வேண்டும். வேகமாகப் போனால் தோல்வி. புளூடூத் வழியாகவே பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகப் பரவிய விளையாட்டு அது. அது இருந்த தன் பழைய போனையே பிரபாகர் சங்கத்துக்கு அனுப்பியிருந்தான்; தேர்வானால்தான் சங்கம் பிரதி எடுத்து வைக்கும்.

பிரபாகர் அவளோடு கல்லூரியில் படித்தவன். குழுவில் யாருக்கும் அது தெரியாது, அவளும் சொல்லவில்லை. தெரிந்தவனுக்காகப் பேசுகிறாள் என்பார்களோ என்று பயம். மற்ற ஆறு பேர் ஆதரவாக மூன்று, எதிராக மூன்று என்று பிரிந்து நிற்க, அவள் முறை வந்தது.

"நம்ம வட்டாரத்துக்கு வெளியே தாக்கம் இருந்ததுக்கு ஆதாரம் போதாதுங்க" என்றாள். அந்த ஓட்டோடு விளையாட்டு தேர்வாகாமல் போனது. நடுநிலையாக இருந்துவிட்டதாக அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு பேட்டியைப் படித்தாள். புனேயில் விளையாட்டுகள் உருவாக்கிப் பெயர் வாங்கிய ஒரு பெண், லாரி டிரைவரான தன் மாமாவின் போனில் ஆடிய, வேகமாகப் போனால் தோற்கும் தமிழ் லாரி விளையாட்டில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொல்லியிருந்தாள்.

மறுநாளே மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினாள். பிரபாகர் காய்கறி மண்டியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"பிரபா, அந்த ஓட்டு..."

"தெரியும் ஜாஸ்மினு. யாரு என்ன சொன்னாங்கன்னு வெப்சைட்டுல போட்டிருந்தாங்களே."

"தெரிஞ்சும் ஏன் ஒரு போன்கூடப் பண்ணல?"

"என்னன்னு பண்றது? அத மொதல்ல ஆடிப் பார்த்தவ நீ. நீயே பத்தாதுன்னுட்ட. சரி, அவ்வளவுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பேட்டியைக் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"மறுபடி அனுப்பலாம். நானே எழுதறேன். சங்கத்துக்காரங்க திருப்பி அனுப்புன அந்தப் போன் எங்க?"

பிரபாகர் கூடையிலிருந்து அழுகிய தக்காளி ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டான். "பேட்டரி உப்பிப்போச்சு. போன மாசம் வூட்டச் சுத்தம் பண்ணப்ப எங்க வூட்டுக்காரி கேட்டா, இத என்ன பண்றதுன்னு. பழைய சாமானோட போட்டுருன்னு நான்தான் சொன்னேன். வேற எதுலயும் அது இல்ல."

ஜாஸ்மின் பக்கத்து ஊரான பாலக்கோட்டில் பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தாள். சங்கத்துக்கு நடந்ததை முழுதாக எழுதி, நடுவர் பொறுப்பிலிருந்து விலகினாள். இயங்கும் பிரதி இல்லாத விளையாட்டை ஏற்க விதியில்லை என்று பதில் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பூர்ச் சாலையோர ஓட்டல்களில், சாப்பிட இறங்கும் டிரைவர்களிடம் பழைய பட்டன் போன் இருக்கிறதா என்று கேட்கிறாள். ஆடியதாக இதுவரை இரண்டு பேர் சொன்னார்கள். போனை வைத்திருப்பவர் ஒருவரும் கிடைக்கவில்லை.