தைக்குத் தள்ளிப்போன பிறந்தநாள்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டில் எதுவும் இல்லாமல் போகவில்லை. எல்லாம் உடம்புக்கு ஆகாமல்தான் போயிற்று. பால் சளி பிடிக்கும் என்று வரக்காப்பி வந்தது. கண் கெட்டுவிடும் என்று டிவிக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினார்கள். ஷாம்பு பாக்கெட் போய்ச் சீயக்காய் வந்ததும் என் முடியின் நன்மைக்குத்தான். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி அரிசி ஆலைக்குப் பஸ்ஸில் போய்வந்த அப்பா, தொப்பை குறைய வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார். அவருக்குத் தொப்பையே கிடையாது. ஆலைக்கு நெல் வரத்து குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகியிருந்தது. தை அறுவடை வந்தால்தான் பழையபடி ஓடும் என்றார்கள். அப்பா பகலில் வீட்டில் இருப்பது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அம்மா 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவள். கல்வராயன் மலையில் பிறந்து வளர்ந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். காரணம் எதுவும் அகப்படாத இடத்தில், "எங்க மலையில அப்படித்தான்" என்று முடித்துவிடுவாள். எங்கள் தெருவில் அருவி பார்க்க மலையேறியவர்கள் உண்டே தவிர, வழக்கத்தை விசாரித்து வந்தவர்கள் யாரும் இல்லை.

என் பிறந்தநாள் ஆடியில். பிறந்தநாள் என்றால் எங்கள் பள்ளியில் சீருடை வேண்டாம், கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போகலாம். வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்த பிறகு, ஒரு தோழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மற்ற வகுப்பு டீச்சர்களுக்கும் கொடுத்து வரலாம். கணக்குப் பாடம் பாதி அதிலேயே போய்விடும். அந்த ஊர்வலத்துக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன்.

அன்று காலை அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "ஆடியில பொறந்த புள்ளைக்குத் தையிலதான் கொண்டாடணும். அப்பதான் ஆயுசு கெட்டி. எங்க மலையில அப்படித்தான்."

"போன வருஷம் ஆடியிலதானே கொண்டாடினோம்?"

"அதான் மார்கழியில உனுக்கு ஜுரம் வந்துச்சு."

ஜுரம் வந்தது உண்மை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஆயுசு என்று வந்த பிறகு என்ன செய்வது? சீருடையிலேயே போனேன்.

"இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளாச்சே, இன்னா யூனிஃபார்ம்ல வந்துருக்க?" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் எழுந்து நின்று அம்மா சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தேன். டீச்சர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "ஆமா, நான்கூடக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். டீச்சரே சொன்ன பிறகு வகுப்பில் யார் சந்தேகப்படுவார்கள்?

பக்கத்தில் உட்காரும் என் தோழிக்கு ஆவணியில் பிறந்தநாள். அவள் அப்பா அதே ஆலையில் மூட்டை தூக்குபவர். "அப்ப ஆவணிக்கு?" என்று காதோடு கேட்டாள். நான் ஜோசியர் மாதிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆவணிக்கும் தைதான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் தெருக்குழாயில் அவள் அம்மா எங்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். நான் குடத்தோடு பின்னால் நின்றிருந்தேன்.

"அக்கா, புது கவுன் எடுத்துக் குடுக்கலன்னா இஸ்கூலுக்கே போவ மாட்டேன்னு ஒரு மாசமா வூட்ல அழுதுகினு கெடந்தா. கம்மல அடகு வைக்கலாம்னு கழட்டிக்கூட வச்சிட்டேன். நேத்து வந்து, தையில போதும்மா, ஆயுசுதான் முக்கியம்ங்கிறா. உங்க பொண்ணுதான் சொன்னாளாமே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடி நிச்சயம் என்று தெரிந்துவிட்டது.

அந்த அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏங்க்கா, மலை வழக்கத்தக் கீழ இருக்கறவங்க செய்யலாமா?"

அம்மா நிரம்பிய குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "தாராளமா செய்யலாம். சாமிக்கு மலை இன்னா, கீழ இன்னா?" என்றாள். அத்தை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அடி விழவில்லை.

அதன்பின் வழக்கம் பரவியது. புரட்டாசியில் பிறந்த ஒருவன், ஐப்பசி இரட்டையர்கள், கார்த்திகைக்காரி ஒருத்தி என்று ஒவ்வொருவராக என்னிடம் வந்து கேட்டார்கள். எல்லோரையும் தைக்கு அனுப்பிவைத்தேன். உரக்கடைக்காரர் மகன் மட்டும் பிடிவாதமாகத் தன் தேதியிலேயே சாக்லேட் கொடுத்தான். வாங்கித் தின்றுகொண்டே அவன் ஆயுசை நினைத்து வருத்தப்பட்டேன்.

தை பிறந்தது. ஆலைக்கு நெல் லாரிகள் வரத் தொடங்கின. பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கு எடுத்த துணியோடு ஆறு பேர் வகுப்புக்குள் நுழைந்தோம். சாக்லேட் பல்லுக்கு ஆகாது என்று அம்மாக்கள் எங்கள் வீட்டில் கூடிக் கடலை உருண்டை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் கரும்பலகையில் ஆறு பெயரையும் கலர் சாக்பீஸால் எழுதினார். ஆறு பேரும் ஊர்வலம் போனதில் அன்று கணக்குப் பாடம் முழுவதுமே போயிற்று.

இன்று எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கை இறுகும் மாதங்களில் 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. அந்த வருஷம் முழுக்க அந்தச் சொல் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட அம்மாவை அப்போது நினைத்துக்கொள்வேன். கேள்விப்பட்டிருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்ன டீச்சரையும் நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எங்கே போய்த் தீர்ப்பது?

அந்த வெள்ளிக்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போது, தோழியின் அம்மா தன் மகளுக்கு வைப்பதற்கு முன் எனக்குப் பூ வைத்துவிட்டார். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "எல்லாம் உன்னாலதான்டி கண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பெற்ற பிள்ளையின் ஆயுசைப் பற்றித்தான் இன்னும் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்க அத்த," என்று தைரியம் சொன்னேன். "அவ நூறு வயசு இருப்பா."