முன்சக்கரத்துச் சந்தனம்

ஜெர்மனியின் தென்பகுதியில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தில், செவ்வாய்க்கிழமை மாலையானால் தலை நரைத்த ஆண்கள் பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலவறைக்கு ரயில் ஓட்டப் போகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின்கள், விரல் அகலத் தண்டவாளம். முதல்முறை உள்ளே நுழைந்தபோது, பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிள்ளைகள் யாரும் வரவில்லை. வெர்னர் என்ற ஓய்வுபெற்ற தச்சர் ஓர் எஞ்சினை மல்லாக்கப் படுக்கவைத்து, பச்சைப்பிள்ளைக்குக் காது துடைக்கிற கவனத்தோடு சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்த வண்டிகளுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் மெல்லிய வெண்கலத் தகடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், ராட்ஷ்லைஃபர் என்பார்கள். அந்தத் தகடு மின்சாரத்தை வாங்கிக் கொடுத்தால்தான் மோட்டார் சுற்றும். நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ புகுந்தால் வண்டி நின்றுவிடும். எங்களிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எதுவும் உடைந்திருக்காது. தொடுதல் விட்டுப்போயிருக்கும்.

அங்கே பழைய சாமான் விற்பனையில் வாங்கிய சிவப்பு டீசல் எஞ்சின் ஒன்றை, ஒரு விடுமுறையில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்தேன். அத்தான், என் அக்காவின் கணவர், திருநெல்வேலி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பழைய கதவுப் பலகை ஒன்றில் தண்டவாளத்தை வட்டமாகப் பதித்து, அட்டையில் திருச்செந்தூர் பாதையின் ஸ்டேஷன் பெயர்களை எழுதி நட்டுவைத்தார்: திருநெல்வேலி, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. வட்டப் பாதையானதால் ஆழ்வார்திருநகரியைத் தாண்டினால் மறுபடி திருநெல்வேலி வந்துவிடும். "நம்ம வண்டி திருச்செந்தூருக்கு மட்டும் போகாது மாப்ளே. முருகன் கோவிச்சுக்கிடப் போறான்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பலகையில் சாய்த்துவைத்து வண்டியை ஓட்டிக் காட்டுவார். "அங்கன என்ன, மழையா?" "பனி அத்தான்." "இங்கன வண்டி அஞ்சு நிமிசம் லேட்டுவே." அவ்வளவுதான் பேச்சு. வண்டி போகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன வருடம் ஆயுதபூசையன்று ஸ்பேனர், ஸ்குரூடிரைவர், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் அந்த எஞ்சினையும் சாமி படத்தின் முன் வைத்திருக்கிறார். வண்டி என்றால் சக்கரத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்து எட்டுச் சக்கரத்துக்கும் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, குங்குமமும் வைத்திருக்கிறார். பூசையில் வைத்ததை அன்று தொட மாட்டோம். மறுநாள் பூசை போட்டுத்தான் எடுப்போம். எடுத்தவுடன் துடைத்துவிடுவார். சிக்னல்காரருக்கு மின்சாரம் தெரியாதா? ஆனால் அந்த மறுநாள் விடிவதற்குள் அத்தான் போய்விட்டார். தூக்கத்திலேயே.

முதல் வருடத் திதிக்கு நான் கிளம்பும்போது அக்கா போனில் சொன்னாள்: "தேதியைப் பாத்து டிக்கெட் போட்டுராதலே. திதியைப் பாரு." எதற்கும் தேதி குறித்துவைக்கிற பழக்கம் உள்ளவன் நான். அத்தானுக்கு என்னிடம் இப்போது இரண்டு நாள்கள் இருக்கின்றன. ஒன்று இங்கே ஜெர்மனிக் காலண்டரில் வருவது. மற்றது அக்கா இலை போடுகிற புரட்டாசி வளர்பிறைத் தசமி. இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம்.

திதிக்கு முந்தின நாள் மாலை, அத்தானின் துண்டில் சுற்றியிருந்த எஞ்சினைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள் அக்கா.

"பதினாறு கழிஞ்சு ஒரு நா போட்டுப் பாத்தேன். அசைய மாட்டேனுட்டு. அவரோடயே போயிட்டுன்னு எடுத்து வச்சிட்டேன். நாளைக்கு அவரு படத்துக்கு முன்னால ஒரு சுத்து ஓட்டிக் காமிச்சுரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்லே."

கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரம் தண்டவாளத்தில் உருள்கிற விளிம்பிலேயே சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. வழிந்து தகடுகளிலும் ஒட்டியிருந்தது. முன்பக்கச் சக்கரங்களில் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகத் தெரிந்தது.

"தொடச்சா ஓடிரும்க்கா" என்றேன்.

"எதைத் தொடைக்கணும்?"

"சந்தனத்தை."

எஞ்சினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அது அவரு வச்சது."

"தொடைக்காட்டா கரண்டு ஏறாது."

"ஏறாட்டா போவுது."

உள்ளே போய்விட்டாள். உளுந்து நனையப்போடும் சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. "அது ஓடுத சத்தத்தையும் ஒருதடவை கேக்கணும் போல இருக்குலே."

எஞ்சினுக்கு முன்னால் நான்கு சக்கரம், பின்னால் நான்கு. எட்டும் மின்சாரம் எடுக்கும்; நான்கு எடுத்தாலும் எப்படியோ ஓடும். இதைச் சொன்னேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடி போட்டு எட்டையும் பார்த்தாள். "பின்னால உள்ளதுல ரேகை அவ்வளவு தெரியலை. அதைத் தொடை. பைய." ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, தகடுகளைச் சுரண்டி, சக்கரத்தைத் தொடும்படி லேசாக வளைத்துவிட்டேன். மஞ்சளான பஞ்சைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தாள். "ஆசுபத்திரி வாசம் அடிக்கி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் இலை போட்டுக் கும்பிட்ட பிறகு வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து, வேகம் கூட்டும் குமிழைத் திருப்பினேன். கிளம்பியது. செய்துங்கநல்லூர் தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் தண்டவாளம் சேர்கிற இடத்தில் நின்றுவிட்டது. அக்கா குனிந்து ஒரு விரலால் தள்ளினாள், போயிற்று. அடுத்த சுற்றிலும் அங்கேயே நின்றது.

"இந்த மனுசனுக்கு எப்பவும் நான் வந்து ஒரு தள்ளு தள்ளணும்" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள்.

அழுது முடித்தபின் அவள்தான் முதலில் பார்த்தாள். வண்டி போன வழியில், தண்டவாளத்தின் மேல் மஞ்சளாகப் பொடி உதிர்ந்திருந்தது. அதை விரல்நுனியில் ஒற்றி எடுத்தாள். "ஓடஓட அழிஞ்சிரும், என்ன?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ வாரத்துக்கு ஒரு சுத்து போதும்."

திரும்பி வந்தபின், அன்று வண்டி ஓடியதை நான் போனில் எடுத்திருந்த காணொளியை வெர்னரிடம் காட்டினேன். வண்டி நிற்பதையும் முன்சக்கரங்களில் இருந்த மஞ்சளையும் கவனித்துவிட்டு, "முன்பக்கத்தை மறந்துவிட்டாய்" என்றார். மறக்கவில்லை என்றேன். "நேரம் போதவில்லையா?" சந்தனத்தையும் பூசையையும் அத்தானையும் அவருடைய மொழியில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், ஆமாம் என்றேன். அடுத்த முறை அதைக் கொண்டுவா, பத்து நிமிட வேலை என்று தோளில் தட்டினார்.

செவ்வாய்க்கிழமைகளில் நின்றுபோன வண்டிகளை ஓடவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா போனைப் பலகையில் சாய்த்துவைக்கிறாள். சிவப்பு எஞ்சின் திருநெல்வேலியை விட்டுக் கிளம்புகிறது. ஸ்ரீவைகுண்டம் நெருங்க நெருங்க நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எங்களுக்குள் இதைப் பேசிக்கொண்டதில்லை. சந்தனம் தேய்ந்துபோய், அங்கே நிற்காமல் அது போய்விடுகிற வாரம் ஒன்று வரும். இந்த வாரம் நின்றது. திரையின் ஓரத்திலிருந்து அக்காவின் விரல் வந்தது.