மூக்கம்மாள் போட்ட எஸ்டிமேட்

மூக்கம்மாளின் புருஷன் பிச்சையா, மேலகரத்தில் நமசிவாயம் பிள்ளை வீட்டுப் பின்சுவரிலிருந்து விழுந்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, சித்திரை மாதம். தென்காசி வட்டாரத்தில் வெள்ளையடிக்கிறவர்களுக்குள் அவனுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தச் சுவர் இருபதடி உயரம். சாரம் கட்டப் புதுக் கயிறும் கூட நாலு கம்பும் வேண்டும் என்று பிள்ளையிடம் மூன்று தடவை கேட்டான். யாரும் பார்க்காத பின்சுவருக்கு இத்தனை செலவு எதற்கு என்று பிள்ளை, கிணற்றில் இறைத்து இறைத்துத் தேய்ந்துபோன பழைய வடத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அது அறுந்தது. கீழே சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த மூக்கம்மாளின் கண்ணெதிரே விழுந்தான்.

இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். வைத்தியச் செலவுக்கு ஏதாவது கேட்கலாம் என்று மூக்கம்மாள் போனபோது பிள்ளை ஐந்தாறு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பதற்றப்படவே இல்லை.

"கள்ளக் குடிச்சிட்டுச் சாரத்துல ஏறினா விழாம என்ன செய்வான்? கயிறு கேட்டானாம்லா. யார்கிட்ட கேட்டான்? சீட்டு ஏதும் வச்சிருக்கியா?"

பிச்சையா கள்ளை வாயில் வைத்தவன் இல்லை. ஆனால் அவள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பேச்சு தென்காசிக் கடைத்தெரு வரை போய்விட்டது. பார்க்க வந்த சொந்தக்காரன் ஒருவன் படுக்கையில் கிடந்தவனிடமே, இனிமேலாவது குடியை விடு என்று புத்தி சொன்னான். எட்டு மாதம் உயிரோடு கிடந்த பிச்சையா, நோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அவரு அப்படியா சொன்னாரு?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். மார்கழியில் செத்தான். மூக்கம்மாளுக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் நிலைத்தது.

அவள் யாக்கூப் ராவுத்தரின் சுண்ணாம்புக் காளவாசலில் கூடை சுமக்கப் போனாள். ராவுத்தரின் மனைவி ஆசியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று மூக்கம்மாள் கேட்டபோது ஆசியா சிரித்தாள். முப்பது வயதுக்குமேல் எழுத்து எதற்கு, யாருக்குக் கடுதாசி போடப்போகிறாய் என்றாள். "எஸ்டிமேட் எழுதணும்" என்றாள் மூக்கம்மாள். ஆசியா அதற்குமேல் கேட்கவில்லை. காளவாசல் சுவரில் கரியால் எழுதி எழுதி ஒன்றரை வருஷத்தில் எழுத்து வந்தது. அளவு அவளுக்கு முன்பே தெரியும். நீளம், உயரம், அதில் கதவும் ஜன்னலும் போக மீதி எத்தனை சதுரம், சதுரத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை ஆள் என்று பிச்சையா வாய்க்கணக்காகச் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டவள்தானே.

பிறகு சொந்தமாக வெள்ளையடிக்கிற வேலை எடுத்தாள். ஐந்து வருஷத்தில் அவளிடம் ஆறு பேர் வேலை செய்தார்கள். வேலை கொடுக்கிற வீட்டில் கயிறோ கம்போ அவள் கேட்டதே இல்லை. எல்லாம் சொந்தமாக வைத்திருந்தாள். வருஷம் தவறாமல் புதுக் கயிறு வாங்கினாள்.

குற்றாலத்துப் பங்களாக்களில் வேலைக்குப் போகிறபோதெல்லாம் மேலகரத்தில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எந்த மூலையில் பாசி ஏறியிருக்கிறது, எங்கே காரை ஊதியிருக்கிறது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரே மகள், குழல்வாய்மொழி. அந்தப் பெண்ணின் வயதை மூக்கம்மாள் வருஷாவருஷம் எண்ணிக்கொண்டு வந்தாள். கல்யாணம் என்று ஒன்று வந்தால் வெள்ளையடிக்காமல் முடியாது. பிள்ளையோ இருப்பதிலேயே மலிவான ஆளைத்தான் தேடுவார். அதனால் மேலகரத்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் கைக்காசு போனாலும் போகட்டும் என்று குறைத்தே வாங்கினாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆனி கடைசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் அம்பாசமுத்திரம் என்றார்கள். மூக்கம்மாள் போய் நின்றாள். பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்து, எந்த ஊர், என்ன விலை என்று மட்டும் கேட்டார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தான் பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூட மறக்காத முகம், தன்னை ஒரு நாள்கூட நினைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிக்கோலை எடுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்தாள்.

கதவு ஜன்னல் போக ஐம்பது சதுரம், அதாவது ஐயாயிரம் சதுர அடி. வீட்டுக்குப் போய் ஒரு வரி விடாமல் எழுதினாள். பாசி சுரண்டிச் சுவரைக் கழுவ, ஊதின காரையைக் கொத்திப் பூச, காளவாசலிலிருந்து புதுச் சுண்ணாம்பு, சாரலுக்குக் கரையாமல் பிடிக்க வச்சிரப் பசை, இரண்டு பூச்சு. மொத்தம் அறுபத்திரண்டு ரூபாய். வேறு யார் போட்டாலும் எண்பதுக்குக் குறையாது.

பிள்ளை பேனாவை எடுத்தார். பூசப்போகிற சுவரை எதற்குக் கழுவ வேண்டும் என்று ஒரு வரியை அடித்தார். காரையை அடித்தார். கொட்டகையில் போன வருஷத்துச் சுண்ணாம்பு கிடக்கிறது, அதைக் கரைத்துக்கொள் என்று புதுச் சுண்ணாம்பை அடித்தார். பசையில் வந்து பேனா நின்றது.

"இது என்னத்துக்குட்டீ?"

"ஆனிச் சாரலுக்கு நிக்கதுக்கு எசமான். இல்லேன்னா வழிஞ்சிரும்."

"கல்யாணத்தன்னைக்கு வெள்ளையாத் தெரிஞ்சாப் போதும். பொறவு எப்படிப் போனா என்ன?"

பசையும் போயிற்று, இரண்டாம் பூச்சும் போயிற்று. ஒரு தடவை சொல்லியாயிற்று என்று மூக்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். முப்பத்தொரு ரூபாய்க்கு வந்து நின்றது. அடித்த இடத்தில் எல்லாம் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டாள். சுண்ணாம்புக்காரிக்கு வந்த தினுசைப் பார் என்று பிள்ளை சிரித்துக்கொண்டே ஐந்து இடத்திலும் போட்டார்.

சொன்னபடியே வேலை நடந்தது. கூட ஒரு படி சுண்ணாம்பு இல்லை, குறையவும் இல்லை. பாசியின் மேலேயே பூசினார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. வெயிலில் வீடு பளீரென்று இருந்தது. பிள்ளை கூலியோடு வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று மூக்கம்மாள் குளித்து, வெளுத்த சேலை கட்டி, விடிந்ததும் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டாள். மலையில் மேகம் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அருவியில் குளித்துவிட்டு வில்வண்டிகளில் வந்து இறங்கவும் காற்றோடு சாரல் அடிக்கவும் சரியாக இருந்தது. முதலில் சுவரில் கோடு கோடாக இறங்கியது. பிறகு முழுச் சுவரும் பால் திரிந்தது போல வழிந்தது. நனையாமல் இருக்கச் சுவரோரம் ஒதுங்கினவர்களின் பட்டிலும் சரிகை அங்கவஸ்திரத்திலும் சுண்ணாம்புத் தண்ணீர். அரை மணிக்குள் பச்சைப் பாசியும் கறுப்புக் காரையும் பல்லை இளித்தன. சம்பந்தி சிவசைலம் பிள்ளை தோளைத் துடைத்துக்கொண்டே, இது வீடா மாட்டுத்தொழுவா என்று யாரிடமோ கேட்டார்.

நமசிவாயம் பிள்ளை அவளைப் பார்த்துவிட்டார். கைதட்டிக் கூப்பிட்டு, ஊர் முன்னால், காசை வாங்கிக்கொண்டு மோசம் செய்த திருட்டு நாய் என்றார். அதைத்தான் அவள் எதிர்பார்த்து நின்றாள். மடியிலிருந்து சீட்டை எடுத்து அவரிடம் கொடுக்காமல் சம்பந்தியிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னாள். சிவசைலம் பிள்ளை படித்தார். ஒவ்வொரு வரிக்கும், இதை அடித்திருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்று சேர்த்துப் படித்தார்.

"நான் பிச்சையா பெண்டாட்டி, எசமான்" என்றாள் மூக்கம்மாள். "ஒங்க பின்சுவத்துல இருந்து விழுந்தாருல்லா. அன்னைக்கு எங்கிட்டச் சீட்டு இல்ல. அவரு குடிச்சிருந்தாரா?"

பிள்ளை அவளை இப்போதுதான் பார்த்தார். உள்ளே முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஐயர் கூப்பிட்டார். அவள் வாசலை விட்டு நகரவில்லை. சம்பந்தியும், சொல்லும் ஓய் என்றார்.

"இல்ல" என்றார் பிள்ளை.

"எல்லாருக்கும் கேக்கல" என்றாள் அவள்.

"குடிக்கல. கயிறு கேட்டான். நான்தான் கொடுக்கல."

மூக்கம்மாள் வழியை விட்டாள். மணக்கோலத்தில் கதவருகே நின்ற குழல்வாய்மொழியின் கண் நிறைந்திருந்தது. மூக்கம்மாளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் ஆசியா, இப்போதாவது உன் மனசு ஆறிற்றா என்று கேட்டாள். பத்தாது என்றாள் மூக்கம்மாள். எட்டு மாதம் கிடந்து செத்தவனுக்கு மூன்று வார்த்தை எப்படிப் போதும் என்றாள். பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவளும் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. இலத்தூர், அச்சன்புதூர் பக்கம் போனாள். அங்கே அவள் போட்ட வரியை யாரும் அடிக்கத் துணியவில்லை.

நாற்பத்து நான்கில் நமசிவாயம் பிள்ளை இறந்தார். செய்தி கொண்டுவந்தவனிடம் மூக்கம்மாள் எப்படி, எப்போது என்றெல்லாம் விசாரிக்கவில்லை. துஷ்டி வீட்டில் யாராவது அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்களா என்று மட்டும் கேட்டாள். பேசினார்கள், அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை என்றான் அவன். அன்று அவள் ஒரு ரூபாய்க்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்து, வேலைக்காரர்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து இலை போட்டு வயிறாரப் பரிமாறினாள்.