ஆளுக்கு ஒரு சாக்கு

அம்மா என்னை அடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு சாக்குக்காக.

தை மாதப் பனியில், கதிர் முற்றிய குத்தகை வயலோரத்தில் நாங்கள் மூன்று பேரும் இரவும் பகலும் கிடந்தோம். வயலில் ஆள் இல்லாவிட்டால் மிராசுதார் வெளியூர் ஆட்களை விட்டு அறுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் தடவை வந்தவர்களை அப்பா மறித்துவிட்டார். அதனால் அவர் மேல் கேஸ். அவரைப் பிடித்து உள்ளே வைத்தால் நெல்லும் போச்சு, நிலமும் போச்சு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஏழு வயதில் என் கவலை குளிர்தான்.

வைக்கோலைப் பரப்பி, சாக்குக்குள் கழுத்துவரை நுழைந்து படுப்போம். சாக்குக்கு மேல் சாக்குப் போட்டு, நடுவில் வைக்கோலைத் திணித்தால் பனி அண்டாது என்று சொன்னவரே அப்பாதான். சொன்னாரே தவிர, இருந்தது ஆளுக்கு ஒன்று. அவருடையது மட்டும் இரண்டைப் பிரித்துத் தைத்த பெரிய சாக்கு. அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் விடியும்போது ரோட்டில் ஜீப் சத்தம். அப்பா சாக்கை உதறிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி மறைந்தார். அம்மா அந்தச் சாக்கை என் சாக்குக்கு மேல் காலிலிருந்து இழுத்துவிட்டு, நடுவில் வைக்கோலைத் திணித்தாள். "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்." அப்பாவின் சூடு அதில் இன்னும் இருந்தது. அடடா, என்ன சுகம்!

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கே. இது யாரு சாக்கும்மா?"

"புள்ளைக்குக் குளிருதுன்னு ரெண்டாப் போட்டேங்க. அவரு ஊர்லயே இல்லீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம் பாப்பா, ரெண்டு போட்டுமா குளிருது?"

அம்மா என் தலைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

"இன்னும் ஒன்னு வேணும்," என்றேன். சத்தியமாக வேண்டும் போலத்தான் இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கூட வந்தவரை வாய்க்கால் மதகில் உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். அந்த மனிதர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அப்பாவும் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, இன்றைக்கும் எனக்கு இரண்டு சாக்கு என்று படுத்தேன். அம்மா தன் சாக்கை விரிக்கவே இல்லை. பனி படாமல் மடித்து, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு, வாய்க்காலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குளிரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அதையும் தாயேம்மா."

முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு சாக்கைத் தாண்டியும் உறைத்தது. குளிருக்கு ஒரு சாக்குக் கேட்டால் அடிக்கிற தாய் உலகத்தில் உண்டா என்று அழுதபடியே தூங்கிப்போனேன்.

நான்கு நாள் கழித்து, இருமிக்கொண்டே அந்த வயலை அப்பாதான் அறுத்தார். கடைசிக் கட்டுத் தூக்கும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.