ஜிப் வைக்கிறவருக்கு ஒரு தனி வாசல்

தாராவியில் மச்சானின் தோல் பைப் பட்டறைக்கு இணையதளம் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. தாதரில் கடை திறக்கும் சேட் ஒருவர், சாயங்காலத்துக்குள் படங்களைப் பார்த்துச் சொல்வதாக இருந்தார். அவர் சரியென்றால் மழைக்காலம் முழுக்க மெஷின் ஓடும். இல்லையென்றால் ஆட்கள் வேறு பட்டறை தேடிப் போவார்கள்.

மச்சானுக்கு உழைத்தவன் பெயர் வெளியே தெரிய வேண்டும். "மாப்ளே, பைக்குப் பை, ஆளுக்கு ஆள் தனி வாசல் வையி. ஒருத்தன் பின்னால ஒருத்தன் நிக்கப்பிடாது." வைத்தேன். வெட்டினவர், தைத்தவர், பசை தடவினவர், ஜிப் வைத்தவர் என்று ஒவ்வொரு படத்துக்கும், பையின் பெயரும் ஆளின் பெயரும் முன்னால் வர, தனித்தனி இணைய முகவரி.

மத்தியானம் சேட் கூப்பிட்டார். பக்கம் வெள்ளையாகவே நிற்கிறதாம்.

அப்புறம்தான் உறைத்தது. முகவரியில் இருக்கும் பெயர் எங்கே இருக்கிறது என்று, இணையத்தின் விலாசப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் சேட்டின் போன் விசாரிக்கும். ஒருமுறை கேட்ட பெயரைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி விசாரிக்காது. எங்கள் பக்கத்திலோ ஒரு பெயரும் இரண்டாம் முறை வருவதில்லை.

"ஒவ்வொரு படத்துக்கும் சேட்டைத் திரும்ப ஸ்டேஷனுக்கு அனுப்பி, புதுசா வழி கேக்க வைக்கோம் மச்சான். ஒரே வாசல் போதும்."

"அப்போ ஜிப்பு வைக்கிறவரு பேரை எடுக்கச் சொல்லுதியா?"

ஜிப் வைக்கிறவர் தலை நிமிரவில்லை. "எடுங்க. எம்பேரு இல்லாட்டா பை மூடாதா என்ன?"

மெஷின்கள் நின்றுவிட்டன.

"பேரு எங்கயும் போகாதுண்ணே. வாசலுக்குப் பின்னால ஒரு சாய்கோடு போட்டு எல்லாரையும் உள்ள வைக்கேன்."

"கோட்டுக்கு அப்புறம் யாரு மொத?" என்றார் பசை தடவுகிறவர்.

அகர வரிசை என்றேன். வெட்டுகிறவர் உடனே 'அ'வில் தொடங்கும் மாமனார் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் சேட்டுக்குப் பக்கம் பட்டென்று திறந்தது. கறுப்புப் பை பிடித்திருக்கிறது, பித்தளை ஜிப் கிடைக்குமா என்று போனில் கேட்டார். மச்சான் ஜிப் வைக்கிறவரைக் கேட்டார். அவர் தைக்கிறவரைக் கேட்டார். அவர் வெட்டுகிறவரைக் கேட்டார். கிடைக்கும் என்ற பதில் அதே வரிசையில் திரும்பி வந்தது.

பழுப்புப் பைக்கும் கிடைக்குமா, என்றார் சேட். மச்சான் மறுபடியும் ஜிப் வைக்கிறவர் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான சொன்னேன்?"

"அது கறுப்புப் பைக்கில்லா."

சேட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். எல்லாப் பைக்கும் பித்தளையே போடுங்கள், இனி தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள் என்று இந்தியில் சொல்லி, ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார்.