பிலிப் அண்ணை பட்டதாரி அல்லர்

செய்தி ஒரு படமாக வந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எவரோ எவருக்கோ அனுப்பி, அங்கிருந்து எனக்கும் வந்து சேர்ந்த மரண அறிவித்தல். கறுப்புக் கரை, இரண்டு மெழுகுவர்த்திகள், நடுவில் கழுத்துப்பட்டி அணிந்த பிலிப் அண்ணை. மன்னாரைப் பிறப்பிடமாகவும் தோர்ண்டன் ஹீத்தை வதிவிடமாகவும் கொண்டவரும், லண்டன் பஸ் சாரதியும், பட்டதாரியுமான சூசைப்பிள்ளை பிலிப்பு அவர்கள் வியாழக்கிழமை இறைவனடி சேர்ந்தார் என்றிருந்தது. வியாழனன்று இறந்தவரைப் பற்றி நான் திங்களன்று அறிந்தேன். வழக்கமாக ஞாயிறுகளில் சந்திப்போம்; அந்த ஞாயிறு நான் லண்டனில் இருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் பழகியிருந்தும் அவருடைய உறவினர் எவரிடமும் என் எண் இருக்கவில்லை.

'பட்டதாரி' என்ற சொல்லை மீண்டும் மீண்டும் வாசித்தேன். பின்னர் கதவைச் சாத்திவிட்டு, அவருடைய தம்பி அன்ரனியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். துக்கம் விசாரித்தேன். மாரடைப்பு என்றார், வீட்டுப் படியில் விழுந்து கிடந்தாராம். அதன் பிறகு அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணை, இனி ஆர் அதை நோண்டிப் பாக்கப்போயினம்?" என்றார் அன்ரனி. "அவர் அதுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டவர். இருந்திட்டுப் போகட்டும்."

அன்புடன் செய்த காரியம் அது. ஆனாலும் பிலிப் அண்ணையை அறிந்த உங்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லவேண்டியது இதுதான்: அவர் பட்டதாரி அல்லர். பட்டத்துக்கு முந்நூற்று அறுபது கிரெடிட் தேவை. அவரிடம் முந்நூற்று நாற்பத்தைந்து இருந்தது.

இதை எழுதுவதற்கு எனக்கு அவர் தந்த அனுமதி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பங்குக் கோவிலின் ஞாயிறு மடலில், வாசகம் வாசிப்போர் பட்டியலில், 'பட்டதாரி திரு. பிலிப்பு' என்று அச்சாகியிருந்தது. அவர் பூசை முடிந்ததும் மடல் தயாரித்தவரைத் தேடிப் போய்ப் பிடித்தார். "பிள்ளை, வாற கிழமை திருத்திப் போடும். நான் இன்னும் முடிக்கேல்லை" என்றார். அந்தப் பெண் சிரித்து, "அங்கிள், எல்லாரும் உங்கள அப்பிடித்தானே சொல்லீனம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு திருத்தம் வந்தது. கோவிலுக்குப் போகும் வழக்கம் எனக்கில்லை. வாகனத் தரிப்பிடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். மடலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர், "இப்ப சரி" என்றார்.

நாங்கள் இருவரும் லண்டனுக்கு வந்த புதிதில் நகரின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில் ஓர் அறையைப் பகிர்ந்திருந்தோம். அவரிடம் ஒரு தாள் இருந்தது. வடக்கில் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் விஞ்ஞானம் படித்திருந்தார்; மூன்றாம் ஆண்டுக்குப் போகப் போர் விடவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் பாடங்களும் புள்ளிகளும் அந்த ஒரு தாளில் இருந்தன, கீழே ஊதா மையில் வட்ட முத்திரையுடன். கடலைக் கடந்தபோது அதை இரண்டு ஷொப்பிங் பைகளுக்குள் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்ததாகச் சொல்வார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

அதை லாமினேட் செய்யச் சொன்னவன் நான். வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்த வேலை அது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், எதுவாயினும் முதலில் பிளாஸ்டிக்குக்குள் போகவேண்டும். ஈரத்தையும் தீயையும் கண்டு வந்த காகிதங்களுக்கு அதைவிட வேறு பாதுகாப்பு எங்களுக்குத் தெரியாது. மிச்சம் பகுதியில் மரக்கறியும் தொலைபேசி அட்டையும் விற்ற கடை ஒன்றின் பின்பக்கத்தில் அந்த இயந்திரம் இருந்தது. தாள் சூடாக வெளியே வந்தபோது பிலிப் அண்ணை அதை இரு கைகளாலும் வாங்கினார். "இனி எனக்குப் பிறகும் இருக்கும்" என்றார்.

பிள்ளைகள் வளர்ந்து வெளியேறி, மனைவியும் காலமான பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் அவர் மீண்டும் படிக்கத் தொடங்கினார். பஸ் ஓட்டிக்கொண்டே, மாலைநேரக் கல்லூரி ஒன்றில் வரலாறு. அந்தக் கல்லூரி வேறொன்றுடன் இணைக்கப்பட்டு அந்த வகுப்பு நிறுத்தப்பட்டபோது, சேர்த்த கிரெடிட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெரும்பாலான கிரெடிட்டுகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எந்தத் துறை மாணவராயினும் சில பொதுப் பாடங்களை முடித்திருக்கவேண்டும் என்பது அங்கு விதி. அவற்றுள் ஒன்று அடிப்படைப் புள்ளிவிவரவியல், பதினைந்து கிரெடிட். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காகப் பகல் நேரத்தில் மட்டும் நடத்தப்படுவது. பிலிப் அண்ணை அதைவிடக் கடினமான புள்ளிவிவரவியலை இருபத்தொரு வயதில் படித்துச் சித்தியடைந்திருந்தார். அது அந்தத் தாளில் இருந்தது.

தாளைப் பார்க்கும் சந்திப்புக்கு என்னையும் அழைத்துச் சென்றார். அதிகாரி முப்பது வயது மதிக்கத்தக்க, மரியாதையான இளைஞர். தாளை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கால் மூடப்பட்ட ஆவணத்தை மூலப் பிரதியாக ஏற்க இயலாது என்றார். முத்திரையைச் சோதிக்க முடியாதாம். ஊரிலிருந்து புதிய பிரதி எடுக்கலாமே என்றார். பிலிப் அண்ணை அதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலையும் கையில் கொண்டு போயிருந்தார்: அந்த ஆண்டுகளின் பதிவேடுகள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன, மாணவரிடம் உள்ள பிரதியே இப்போது ஒரே சான்று.

அப்போது பிலிப் அண்ணை தம்முடைய நிதானமான ஆங்கிலத்தில், "அப்படியானால் என்னிடமே கேளுங்கள்" என்றார். கேட்காமலே தொடங்கியும் விட்டார். அவருடைய பாதையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது கால அட்டவணை. மூன்று பஸ்கள் ஒன்றாகப் போய், பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் வராவிட்டாலும் சராசரி பத்து நிமிடம்தான். ஆனால் தரிப்பிடத்துக்கு வருகிறவர்களில் அநேகர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து நிற்பார்கள். ஆகவே நிறுவனத்தின் சராசரி வேறு, மழையில் நிற்பவரின் சராசரி வேறு. மேசையில் கிடந்த உறையின் பின்புறத்தில் அதைக் கணக்காகவும் போட்டுக் காட்டினார். அந்த இளைஞர் முன்னால் சாய்ந்து கேட்டார். ஒரு கேள்வியும் கேட்டார். பிறகு நிமிர்ந்து, மிகவும் சுவாரசியமான விளக்கம் என்றும், ஆனால் அறிவை மதிப்பிடும் அதிகாரம் தமக்கு இல்லை, ஆவணத்தை மட்டுமே தாம் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பிலிப் அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தம்பி, இவருக்கு நல்லா விளங்கீற்றுது. விளங்கினதுதான் ஆளுக்கு இப்ப கரைச்சல்."

திரும்பும்போது பஸ்ஸின் நடுப்பகுதியில் உட்கார்ந்தோம். அவர் ஒருபோதும் முன்னால் உட்காரமாட்டார். சாரதி பிரேக் போடும்போதெல்லாம் தன்னுடைய வலது காலும் தரையை அழுத்துகிறது என்பார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உம்மட இடத்தில எண்டா என்ன செய்வியள்?"

எனது வேலை அவருக்குத் தெரியும். வேறொரு கல்லூரியில், பிற இடங்களில் படித்தவர்களின் கிரெடிட்டுகளை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் குழுவில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த இளைஞர் சொன்ன வாக்கியத்தை, அதே சொற்களில், பலருக்கு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். "இதைத்தான் செய்வம், அண்ணை" என்றேன்.

"ஓம்," என்றார். பிறகு, "பொய் சொல்லாததுக்கு நன்றி" என்றார். அது வசையாக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பிற்பகல், எனது சமையலறையில் அந்தத் தாளை வெளியே எடுக்க முயன்றோம். சூடு காட்டினால் பசை இளகும் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். என் மனைவி பிரிந்து சென்றபோது விட்டுப்போன தலைமயிர் உலர்த்தி ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கண்டதும் அவர் என் தலையை ஒருமுறை பார்த்தார்.

"உமக்கு இது எதுக்கு? கிடக்கிற நாலு மயிரும் பறந்திடும்."

"பிடியுங்கோ அண்ணை, கதைக்காமல்."

"நான் பிடிக்கிறன். நீர் ஊதும். மெல்ல, மெல்ல."

ஓர் ஓரம் இளகியது. பிறகு மறு ஓரம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பிளாஸ்டிக்கை உரித்தார். தாளின் கீழ்ப்பகுதிக்கு வந்தபோது காகிதம் இரண்டு படலங்களாகப் பிரிந்தது. மேல் படலம் பிளாஸ்டிக்கோடு போனது. ஊதா முத்திரை அதனுடன் போனது. மேசையில் எஞ்சியது புள்ளிகள் பாதி அழிந்த, முத்திரை இல்லாத ஒரு தாள். நான் உலர்த்தியை நிறுத்தினேன்.

"ஆமிக்காரனிட்ட இருந்து காப்பாத்தினன். கடலிட்ட இருந்தும் காப்பாத்தினன்," என்றார். "சரி, தேத்தண்ணியை வையும்."

லாமினேட் செய்யச் சொன்னவன் நான் என்பதையோ, உரிக்கச் சொன்னவனும் நான் என்பதையோ அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இந்த ஜனவரியில் அவர் தமது ஷிப்டுகளை மாற்றிக்கொண்டு, அறுபத்தொரு வயதில், தாம் ஏற்கெனவே படித்த பாடத்தை மறுபடி படிக்கப் போனார். முதல் நாள் ஒரு பிள்ளை "அங்கிள், நீங்கதான் லெக்சரரா?" என்று கேட்டதாம். "இல்லைப் பிள்ளை, நான் உம்மட கிளாஸ்மேற்" என்றாராம். வகுப்பு எப்படி என்று கேட்டபோது, "நல்லாத்தான் படிப்பிக்கினம். ஆனால் அந்தப் பஸ் கணக்கு அவையளுக்குத் தெரியாது" என்றார். அதுவே எங்கள் கடைசி உரையாடல். மூன்று கிழமை போயிருந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு அன்ரனி எனக்கு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். இறந்த மறு கிழமை பிலிப் அண்ணையின் பெயருக்கு வந்தது. உங்கள் வரவு குறைந்திருப்பதைக் கவனித்தோம்; தொடர்ந்து வராவிடின் இந்தப் பாடத்துக்கான பதிவு நீக்கப்படலாம்; உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு. மூன்று வாக்கியங்கள். கீழே பெயர் இல்லை. நான் அதை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. அப்படியொரு கடிதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும்; எங்கள் கல்லூரியின் கடிதத்தை வரைந்த மூவரில் நானும் ஒருவன்.

அவர் போன பிறகு என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேலை இல்லை. ஒருமுறை பழக்கத்தில் கோவில் வாகனத் தரிப்பிடம் வரை போய்விட்டேன். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்து, கதைத்து, வாகனங்களில் ஏறிப் போகும்வரை இருந்துவிட்டுத் திரும்பினேன்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் பிளாஸ்டிக் உறை. அன்று குப்பைக்குள் போடப் போனவரிடமிருந்து நான் வாங்கி வைத்தது. அதில் தாளின் மெல்லிய தோலும் ஊதா வட்டமும் ஒட்டியிருக்கின்றன. அலுவலகத்தில் என் கணினித் திரையின் அடியில் அதைச் சாய்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணின் கோப்பு குழுவுக்கு வந்தது. லாமினேட் செய்த சான்றிதழ். அவரை அழைத்து, பாடம் தெரியுமா என்று கேட்போம் என்றேன். அது நடைமுறை இல்லை என்றார் தலைவர். மறுப்புக் கடிதத்தில் மற்ற இருவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். மூன்றாவது கையெழுத்துக்காக அது இன்னும் என் மேசையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

ஞாயிறு மடலில் வந்ததுபோல, இதுவும் ஒரு திருத்தம். மரண அறிவித்தலை வைத்திருப்பவர்கள் அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள். பிலிப் அண்ணை பட்டதாரி அல்லர். பதினைந்து கிரெடிட் குறைவாக இருந்தது. பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது.