விழுந்து கொடுத்தவர்கள்

குருபரன் மாஸ்ரரைப் பற்றி இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரன் என்கிறார்கள் சிலர். வெளிநாட்டில் கோப்பை கழுவியவனுக்கு எதற்கு இந்த வித்தையெல்லாம் என்று சந்தைக்குள் நின்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த மனிதன் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவர்கள் நாங்கள், அவரிடம் படித்து ஆசிரியர்களான இரண்டு பேர். அதிலும் முதல் ஆள் நான், கோசலா, வேலணையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள்.

மாஸ்ரர் பக்கத்துச் சரவணை ஊர் ஆள். இருபத்துநான்கு வயதில் சுவிசுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். கடைக்குப் பின்னால் அய்கிடோ என்கிற யப்பானியத் தற்காப்பு வித்தை பழக்குகிற ஒரு பள்ளி இருந்தது. குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போடும்போது கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தாராம். வளர்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் தூக்கி எறிகிறார்கள், எழும்பிக் கும்பிடுகிறார்கள், திரும்பவும் எறிகிறார்கள். "விசரர் எண்டுதான் முதல் நினைச்சனான்" என்பார். அடுத்த மாதம் அவரும் அந்த விசரர்களில் ஒருவர். கறுப்புப் பட்டியோடு ஊருக்குத் திரும்பி, தகப்பன் விட்ட காணியில் வெங்காயம் வைத்தார், தண்ணீர்ப் பம்பு திருத்தினார். 2015இல் மண்கும்பானில் பூட்டிக் கிடந்த ஒரு சங்கக் கட்டடத்தைக் கேட்டு வாங்கிப் பள்ளியைத் தொடங்கினார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "விழுந்தெழும்பவே நேரம் காணாது" என்று பகிடி விடுவார்.

இந்த வித்தையில் போட்டி கிடையாது. ஒருவர் கையைப் பிடிப்பார்; மற்றவர் அந்தப் பிடியின் வேகத்தையே திருப்பி அவரை விழுத்துவார். ஆகவே பிடிக்கிறவர் உண்மையாகப் பிடிக்க வேண்டும், நிலை தவறினால் மட்டுமே விழ வேண்டும். பிடிக்கிறவர் பொய் செய்தால் விழுத்துகிறவர் ஒன்றும் படிக்க மாட்டார். முதல் வருடத்தில் நான் ஒருநாள் களைப்பில் சும்மா விழுந்துவிட்டேன். மாஸ்ரர் என்னை வகுப்பு முடியும்வரை மூலையில் இருத்தி வைத்தார், முப்பத்திரண்டு வயதுக்காரியை, என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால். அன்றைக்கு அவரில் வந்த கோபமும் மரியாதையும் இன்னும் போகவில்லை.

2022இல் ஊர்காவற்றுறையில் ஒரு விளையாட்டு விழா. எங்கள் பள்ளியையும் அழைத்திருந்தார்கள். நானூறு பேருக்கு முன்னால் நான் மாஸ்ரரின் இடது கையைப் பிடித்தேன். பிடித்ததுமே தெரிந்துவிட்டது, அந்தக் கையில் பலம் இல்லை. அவர் திருப்பினார், என் நிலை அசையவில்லை. அவருடைய முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தூக்கி எறியப்பட்டவள்போல் புல்லில் விழுந்து உருண்டேன். சனம் கைதட்டியது. மாஸ்ரரும் சிரித்தார். பின்னால் டொக்டர் அதை நரம்பு வருத்தம் என்று சொன்னார், ஆனால் அது வெகு பின்னால்.

எங்கள் மூன்றாவது ஆசிரியன் நிரோஜன், தபால் கந்தோரில் வேலை செய்கிறவன், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது எனக்குப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அவர் உங்களை விழுத்தேல்லை. நீங்களா விழுந்தனீங்கள்."

"ஓம். நீர் வாயை மூடிக்கொண்டு இரும்."

"அவருக்குச் சொல்ல வேண்டாமே?"

"அந்த மனுசனிட்டை இருக்கிறது இது ஒண்டுதான். நீர் போய்ச் சொல்லுவீரோ?"

அவன் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவனும் மாஸ்ரரின் இடது கையில் விழுந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் விழுந்தால் மாணவர்கள் நிற்பார்களா? எங்கள் பக்கத்தில் வாத்தியாருக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூச்சப்படுகிற பிள்ளைகள். வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்டால் மற்றவனும் விடுவதுபோல் அது பரவியது. முதலில் மாஸ்ரரிடம் மட்டும் விழுந்தார்கள். பிறகு எங்களிடம். கொஞ்சக் காலத்தில் ஒருவருக்கொருவர் விழத் தொடங்கினார்கள், மற்ற ஆளின் மனம் நோகக் கூடாதென்று. விழுகிற சத்தமே மாறிவிட்டது. முன்பு மெத்தையில் விழுந்தால் கட்டடம் அதிரும். இப்போது பாய் உதறுகிற சத்தம்தான் வந்தது. மாஸ்ரரோ கதவடியில் நின்று பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தீரோ கோசலா, இப்பதான் பிள்ளையளுக்குப் பிடிபட்டிருக்கு."

அந்த நேரத்தில்தான் நிலாந்தி வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, சரவணையில் வீடு, வேலணையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கலியாணம் கேட்டு, அவள் மறுத்துவிட்ட ஒருவன் எட்டு மாதமாக அவளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் திரிந்தான். பொலிசுக்குப் போனால் ஊர் கதைக்கும் என்று தாய் தடுத்துவிட்டாள். நிலாந்தி நேரே மாஸ்ரரிடம் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"எனக்குப் பட்டி ஒண்டும் வேண்டாம் மாஸ்ரர். அவன் கையைப் பிடிச்சால் விடுவிக்கத் தெரிஞ்சால் காணும்."

கெட்டிக்காரி. ஏழு மாதத்தில் மணிக்கட்டைத் திருப்புகிற முறையை எங்களைவிட வடிவாகச் செய்தாள். யார் பிடித்தாலும் விழுந்தார்கள். அவள் முகம் வரவரத் தெளிந்தது. நிமிர்ந்து நடந்தாள், சத்தமாகச் சிரித்தாள். வகுப்பு முடிந்ததும் அவள் ஸ்கூட்டருக்குப் பின்னால் நிரோஜன் சரவணைச் சந்திவரை போய்விட்டு வருவான். அது மாஸ்ரரின் கட்டளை.

ஒருநாள் நான் வேண்டுமென்றே அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். அவள் திருப்பினாள். நான் அசையவில்லை. இன்னொருமுறை திருப்பினாள். அவள் கண்ணில் பழைய பயம் எழும்பி வந்தது. முதல் நாள் வந்தபோது இருந்த அதே பயம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை, இது வேலை செய்யாது, முதலிலிருந்து தொடங்குவோம் என்று. சொல்ல வாய் வரவில்லை. விழுந்தேன். அவள் மூச்சு விட்டாள், "நான் பயந்திட்டன் அக்கா" என்று சிரித்தாள். அடுத்த வகுப்பில் சொல்வோம், அதற்கடுத்த வகுப்பில் சொல்வோம் என்று நாலு வாரத்தைக் கடத்தினேன்.

ஐந்தாம் ஞாயிறு பின்னேரம் ஐந்தரை மணி. பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் உள்ளே மெத்தைகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தபோது நிலாந்தியின் ஸ்கூட்டர் இல்லை. நிரோஜன் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தான்.

"நிலாந்தி ஆரோடை போனவள்?"

"தனியத்தான்," என்றார் மாஸ்ரர், சப்பாத்தைப் போட்டபடி. "இனித் துணை தேவையில்லை எண்டு நான்தான் சொன்னனான். எத்தினை நாளைக்கு ஒருத்தன் பின்னாலை போறது? பெட்டைக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே."

நான் போய் அவருடைய இடது கையைப் பிடித்தேன், அவர் சொல்லித்தந்தபடியே, உண்மையாக. என்ன விளையாட்டு என்பதுபோல் சிரித்துக்கொண்டு திருப்பினார். நான் நின்றேன். இன்னும் பலம் போட்டுத் திருப்பினார். நின்றேன். மூன்றாவது முறை அவருடைய கைதான் நடுங்கியது.

"எப்ப துடக்கம்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு மேலை."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான் மாஸ்ரர். நிலாந்தியிட்டையும்."

தன்னைப் பற்றி ஒரு சொல் அவர் கேட்கவில்லை. "சைக்கிளை எடும்" என்றார். என் மோட்டார் சைக்கிளைத்தான் சொன்னார். நான் ஓட்ட, பின்னால் இருந்து அவளுடைய கைபேசிக்கு அழைத்துக்கொண்டே வந்தார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. வேலணையைத் தாண்டிப் பனங்காணிகள் தொடங்குகிற வெறும் தெருவில் ஸ்கூட்டர் பக்கவாட்டில் கிடந்தது. முன் சக்கரத்தடியில் ஒற்றைச் செருப்பு. ஆடு சாய்த்துக்கொண்டு போன தம்பிஐயா என்கிற கிழவர் எங்களை மறித்தார்.

"பெட்டையை ஓட்டோவிலை ஏத்தி ஊர்காவற்றுறைக்கு அனுப்பினனாங்கள். நாங்கள் கத்தினதிலை அவன் ஓடிட்டான். அவள் ஓடியிருக்கலாம் பிள்ளை. ஏனோ ஓடேல்லை, கையைக் குடுத்துக்கொண்டு நிண்டவள்."

மாஸ்ரர் தெருவிலேயே குந்திவிட்டார். நான்தான் அவரை எழுப்பி ஏற்றினேன். அவனை இரண்டு நாளில் பொலிஸ் பிடித்தது. அதனால் யாருக்கு என்ன ஆறுதல்?

ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது மணிக்கட்டும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. வாய் வீங்கியிருந்தது. மாஸ்ரர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். நான் கட்டிலருகில் இருந்தேன்.

"அக்கா, நான் சரியாத்தான் செய்தனான்," என்றாள். சொற்கள் சப்பிச் சப்பி வந்தன. "ரெண்டுதரம் செய்தனான். அவன் விழேல்லை. எங்கை பிழை விட்டனான்?"

"நீர் ஒரு பிழையும் விடேல்லை, பிள்ளை. நாங்கள்தான் பொய்யா விழுந்தனாங்கள். மாஸ்ரருக்குக் கை ஏலாமல் போச்சு. அவர் மனம் நோகக் கூடாதெண்டு நான்தான் துடக்கினனான். அவருக்குத் தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்ரருக்கு விழுந்தீங்கள், சரி. எனக்கு ஏனக்கா விழுந்தீங்கள்?"

மருந்து கொடுக்க வந்த தாதி, பார்வை நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்றாள். நான் உடனே எழும்பிவிட்டேன்.